முகத்தை எண்ணச் சொன்ன எத்திராஜ்

என் மனைவி சரோஜா ஊர் பார்க்க என்னை அறைந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். சுரங்கத்து கேட்டுக்கு வெளியே, மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்து, என் பேரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் அவள் கைகளைப் பிடித்திருந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பேய்க்குக் கால் இருக்காது என்பார்களே, அதற்காகத்தான் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னாள். எனக்கு இரண்டு காலும் இருந்தன. எழுந்து வந்தாள், விட்டாள் ஒன்று.

"எங்கயா போய்த் தொலஞ்ச? நீ உள்ள மாட்டிக்கினேன்னு சொன்னாங்களேயா!"

வேறு நாளாக இருந்தால் சுற்றி நின்றவர்கள் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அன்று ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற கொல்லுப்பட்டறைக்காரர் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏகாம்பரம், நீ மேலயா கீற? உன்னத் தேடிக்கினுதான்யா எத்திராஜு உள்ள போயிக்கீறாரு."

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்த வார்த்தை காதில் கேட்கிறது.

எனக்காக ஒரு டோக்கன்

வாசகர்களில் கோலார் தங்கவயலைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. டைம் ஆபீசில் பெரிய பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணி. இறங்கும்போது உன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

சட்டம் அப்படி. நடைமுறை வேறு. ஒருத்தன் கொஞ்சம் முன்னாலேயே நழுவ வேண்டுமென்றால் டோக்கனைக் கூட்டாளியிடம் கொடுத்துவிடுவான். ஷிப்டு முடிந்து மேலே வரும்போது கூட்டாளி இரண்டையும் சேர்த்து மாட்டிவிடுவான். இதை நாங்கள் தப்பாகவே நினைத்ததில்லை. பீடிக்கு நெருப்புக் கொடுப்பது மாதிரி அது ஒரு பழக்கம். அப்படிச் செய்யாதவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்போம்.

அன்றைக்கு நழுவியவன் நான். எனக்கு அப்போது இளம் வயது, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மழுங்கிய டிரில் கம்பிகளைத் தீட்டுவதற்கு மேலே கொண்டுபோகும் சாக்கில், ஆள் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் மதியமே ஏறிவிட்டேன். என் டோக்கனை முனிரத்தினத்திடம் கொடுத்தேன். முனிரத்தினம் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். எல்லோருக்கும் டோக்கன் மாட்டுகிற தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கியவன்.

"மேல வரசொல்ல என்துயும் மாட்டிடு மாமா."

"போ போ. ஜெயிச்சா வந்து சொல்லு."

அவன் சொன்னது பந்தாட்டத்தை. ஆண்டர்சன்பேட்டைப் பையன்கள் அன்று இறுதி ஆட்டம் ஆடினார்கள். தங்கம் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று உடம்பைத் தடவிப் பார்க்கும் காவல்காரரிடம் வயிற்றுவலி என்று சொல்லி முனகினேன். பாவம், ஓமத்தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பினார். நான் ஓடிப்போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தரை உதறியது. யாரும் உதைக்காமலே பந்து ஒரு சாண் எழும்பி விழுந்தது. ஆழத்தில் பாறை, பாரம் தாங்காமல் வெடித்துச் சரிவதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் அது தெரியும். கோல் காத்த பையன் முதலில் ஓடினான், அவன் அப்பா அந்த ஷிப்டில் இருந்தார். பின்னாலேயே மைதானம் முழுக்க ஓடியது. நானும் ஓடினேன். கேட்டுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

ஓடும்போது என் மனசில் இருந்தது பயம் இல்லை, சந்தோஷம். நல்லவேளை நான் உள்ளே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்தத் தொடரில் எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லித்தானே ஆரம்பித்தேன்.

தண்ணீர்க் குழாய் அருகே நின்றவன்

கேட்டில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன். கன்னம் எரிய நின்றபோதுதான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்காமல் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வந்துகொண்டிருக்கும்போது பர்ஸ்ட் ஆகியிருக்கிறது. கடைசி கேஜுக்கு முண்டியடித்து ஓடியதில் முனிரத்தினத்தின் மடியிலிருந்த என் டோக்கன் எங்கோ விழுந்துவிட்டது. மேலே வந்து பார்த்தால் பலகையில் ஒரே ஒரு ஆணி காலி. என் ஆணி. என் நம்பரைக் கூவிக் கூவிக் கேட்டிருக்கிறார்கள். "அவன் அப்பவே போயிட்டான்" என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் வாயே திறக்கவில்லை. அடுத்தவன் டோக்கனை மாட்டினால் வேலை போய்விடும் என்று அந்த மாதம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவனுக்குப் பயம்.

அவன் கண் முன்னால் சரோஜா மண்ணில் விழுந்து அழுதாள். அவன் கண் முன்னால் எத்திராஜ் விளக்கை மாட்டிக்கொண்டு திரும்ப கேஜில் ஏறினார். அப்போதும் பேசவில்லை. என் கல்யாணத்தில் குடை பிடித்தவன் அவன். என்னால் இன்றைக்கும் இதை ஜீரணிக்க முடியவில்லை.

நேராக மேனேஜரிடம் போய், "சார், நான்தான் ஏகாம்பரம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டெலிபோனை எடுத்து, எத்திராஜையும் அவரோடு உள்ளே போன இரண்டு பேரையும் மேலே வரச் சொல்லுங்கள் என்றார். ஒரு பர்ஸ்டுக்குப் பின்னால் இன்னொன்று வரும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காத்திருந்தோம். அவர்கள் வருவதற்குள் எத்திராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மாலை போட்டு அழைத்து வந்த மனிதர்

சீனாக்காரனோடு நடந்த எல்லைச் சண்டையில் பிடிபட்டு, பனிமலையில் பல மாதம் சிறையிருந்து திரும்பியவர் எத்திராஜ். அவர் ரயிலில் வந்து இறங்கிய நாளில் பேண்டு வாத்தியம் வைத்து அழைத்து வந்தோம். கழுத்தில் விழுந்த மாலைகள் அவரைவிடக் கனமாக இருந்தன. சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு காலில் மூன்று விரல் இல்லை, குளிரில் போய்விட்டதாம்.

அவரும் வேலாயுதமும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். அடுத்தடுத்த வீடு. திரும்பி வந்தது ஒருத்தர்தான். வேலாயுதம் மார்பில் குண்டு பட்டு அந்த நிமிஷமே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று எத்திராஜ் அந்த வீட்டில் போய்ச் சொன்னார். மறு வருஷம் வேலாயுதத்தின் தங்கை கனகாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் அம்மாவையும் தன்னோடு வைத்துக்கொண்டார். வேலாயுதத்தின் படத்துக்குப் படையல் போடுகிற நாளில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள், அவர் மட்டும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சிநேகிதம் என்றால் இதுதான் என்று ஊரே மெச்சியது.

சுரங்கத்தில் அவருக்கு மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேன் வேலை. சிறையிருந்தவருக்கு இந்தப் பொந்து வேலை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க குளிராது இல்ல? அது போதும்பா" என்றார்.

நாங்கள் எல்லோரும் சபிக்கிற அந்தப் புழுக்கத்தை அவர் ஆசையோடு அனுபவிப்பார். சட்டையைக்கூடக் கழற்ற மாட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவரோடு எங்களுக்கு ஆகாது. யாருக்காகவும் டோக்கன் மாட்ட மாட்டார். ஒருமுறை முனிரத்தினம் தன் டோக்கனை அவர் கையில் திணித்தான். அவர் அதை நெருப்பு மாதிரி உதறினார்.

"இது உன் உசுருடா. என் மடியில வெக்காத."

அன்றிலிருந்து அவருக்குக் கருங்காலி என்று பேர் வைத்தோம். கம்பெனிக்குக் காக்கா பிடிக்கிறார் என்று பேசினோம். அவர் காதில் விழும்படி எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் யார் என்கிறீர்கள்? அடியேன்தான்.

அந்த மனிதர்தான் பலகையில் என் ஆணி காலி என்றதும், யாரும் கேட்காமலே முதல் ஆளாகக் கேஜில் ஏறியவர்.

"அப்ப கூப்புட்றது யாரு?"

கேஜ் மேலே வந்தது. இரண்டு பேர் முதலில் இறங்கினார்கள். எத்திராஜ் கடைசியாக இறங்கினார். இமையெல்லாம் பாறைத்தூள். என்னைப் பார்த்தார்.

உதைப்பார் என்று நினைத்தேன். உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கிட்டே வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"ஏகாம்பரம்தானே?"

"ஆமாண்ணே. மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், இவன் இங்க கீறான். அப்ப உள்ள கூப்புட்றது யாரு?"

மேனேஜர் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள், தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்றார்கள்.

"இவங்க இந்தாண்ட நின்னாங்க சார். நான் சரிஞ்ச கல்லுகிட்ட காத வெச்சிக் கேட்டேன். முனகல் சத்தம். மனுசன் சத்தம்."

"எத்திராஜ், ஏகாம்பரத்தைத் தவிர எல்லா டோக்கனும் வந்தாச்சு. உள்ளே ஆள் கிடையாது." மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டவர். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. இன்னொரு பர்ஸ்ட் வர நேரம். யாரையும் உள்ளே அனுப்ப முடியாது."

சிறையிருந்த மூளை, அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"பலகைய பாக்காதீங்க சார். மூஞ்சிய எண்ணுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வெளியே இருந்தபோது என்னை உள்ளே இருப்பதாகச் சொன்னது அந்தப் பலகை. அப்படியென்றால் உள்ளே கிடக்கிறவனை வெளியே வந்துவிட்டதாகவும் அது சொல்லும். கத்தினேன்.

"சார், டோக்கன நம்பாதீங்க சார்! நாங்கல்லாம் மாத்தி மாத்தித்தான் மாட்டறோம்!"

மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். இன்றைக்கு அடுத்தவன் டோக்கனை மாட்டியவன் யாராவது உண்டா? யாரும் பேசவில்லை. நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவன் குழாய்ப் பக்கமே நின்றான். அவன் மடியில் என்னுடையது மட்டும்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு, நானும் அவனை விட்டுவிட்டு மற்ற முகங்களைத் தேடினேன்.

படியில் ஏறி அவர் சொன்னது

எத்திராஜ் டைம் ஆபீஸ் படியில் ஏறி நின்றார். கூட்டத்தின் முன்வரிசையில் கனகா, அவருக்குக் குடிக்கச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

"மால போட்டு என்ன இட்டுனு வந்தீங்களே, இப்ப கேளுங்க. சீனாக்காரன் முகாம்ல தெனம் காலைல பேரு படிப்பான். நாங்கல்லாம் கம்பளிய போத்திக்கினு நிப்போம், எவன் மூஞ்சியும் அவனுக்குத் தெரியாது. ஒரு நாளு என் கூட்டாளி ராத்திரியே நழுவிட்டான். தப்பிச்சிப் போறான், கொஞ்சம் தூரம் போவட்டும்னு அவன் பேருக்கும் நானே ஹாஜிர் சொன்னேன். மறுநாளும் சொன்னேன்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மூணாம் நாளு வெறகு பொறுக்க இட்டுனு போனான். முகாமுக்குப் பின்னாலயே, தோ, இங்கருந்து அந்த கேட்டு தூரம்கூட இல்ல, பள்ளத்துல கெடந்தான். கால் ஒடிஞ்சி, வெறச்சிப் போயி. எங்கயும் போவல அவன். மொத நாளே ஆள் கொறையுதுன்னா தேடியிருப்பானுங்க. அடிச்சிருப்பானுங்க, ஆனா உசுரோட இருந்திருப்பான். நான் ஹாஜிர்னு சொன்னதால தேடல. அவன் குண்டு பட்டு சாவல. நான்தான் சாவடிச்சேன்."

பேரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து போனதும் ஒருத்தர் திரும்பி வந்ததும் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கனகாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னிக்கு இங்க ஒருத்தன் அதையே பண்ணிக்கீறான். அவன் கெட்டவன் இல்ல. நானும் கெட்டவனா இருந்து பண்ணல. வாயத் தொறந்து சொல்லிடு நைனா. இப்ப சொல்லலன்னா நீயும் என்ன மாரி ஆயிடுவ."

முனிரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"கன்னியப்பன்து... நான்தான் மாட்டுனேன். அந்தாண்ட ஷாப்டு கேஜுல ஏறுனா வூடு கிட்ட, நான் அப்பிடியே போறேன், நீ மாட்டிடுன்னான். போயிருப்பான்னு நெனச்சேன் சார்... சத்தியமா போயிருப்பான்னுதான் நெனச்சேன்."

ஒரு ஆளை சைக்கிளில் கன்னியப்பன் வீட்டுக்கு விரட்டினார்கள். அவன் திரும்பி வருவதற்குள் எனக்கு வயதாகிவிட்டது போலிருந்தது. கன்னியப்பன் வீட்டுக்கு வரவில்லை. அடுப்பில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறதாம், பந்தாட்டம் பார்க்கப் போயிருப்பார் என்று அவன் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

மேனேஜர் கேஜை இறக்கச் சொல்லிக் கையசைத்தார். எத்திராஜ் ஏற்கெனவே கேஜில் நின்றிருந்தார். நானும் வருகிறேன் என்று ஏறப்போனேன். அவர் என் மார்பில் கை வைத்துத் தடுத்தார்.

"நீ மேல நில்லு. நீ இங்கதான் கீறன்னு எனக்குத் தெரியணும்."

வெயில் இறங்குகிறவரை நின்றோம். நடுவில் ஒருமுறை தரை லேசாக உதறியது. சரோஜா என் கையைக் கிள்ளிப் பிடித்தாள், அந்தத் தடம் நாலு நாள் இருந்தது. பிறகு மணி அடித்தது. ஸ்ட்ரெச்சரில் கன்னியப்பன் வந்தான். தொடை எலும்பு நொறுங்கியிருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. தண்ணீர் கேட்டான்.

நானும் முனிரத்தினமும் வேலையை இழந்தோம். நியாயம்தான். கன்னியப்பன் பிற்பாடு தாங்கித் தாங்கி நடந்து ராபர்ட்சன்பேட்டையில் சோடாக் கடை வைத்தான். முனிரத்தினம் ஊரை விட்டே போய்விட்டான். அவனை நான் மன்னித்தேனா என்று சரோஜா இன்றும் கேட்பாள். எனக்கே தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே

ஸ்ட்ரெச்சர் போன பிறகு எத்திராஜ் கேட்டுக்கு வெளியே வந்தார். முன்பு மாலை போட்ட அதே ஜனம்தான் நின்றது. ஒருத்தரும் கிட்டே வரவில்லை. நன்றி சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் அவர் பின்னாலேயே நின்றேன்.

கனகா வந்தாள். அடி பட்டதா என்று கேட்கவில்லை. கைச் சொம்பைக் கொடுக்கவும் இல்லை.

"எங்க அண்ணன் கூப்ட்டுச்சா?"

அவர் மாட்டியிருந்த விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"படியில நின்னு எல்லாஞ் சொன்ன. இத சொல்லல. கல்லுக்குப் பின்னால கெடந்தவன் கூப்ட்டது உனக்குக் கேட்டுச்சே, எங்க அண்ணன் கூப்ட்டுச்சா?"

"ரெண்டு ராத்திரியும் ஏதோ சத்தம் கேட்டுச்சி கனகா." விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காத்துன்னு நெனச்சிக்கினு கம்பளிய இழுத்துப் போத்திக்கினேன்."

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் நினைத்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அம்மா வூட்லதான் கீது. புள்ள வலியில்லாம செத்தான்னு இத்தினி வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீது. வா. நீயே உன் வாயால சொல்லு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அந்த இடிந்த பொந்துக்குள் ஒரே நாளில் இரண்டு தடவை போய் வந்த மனிதர், வீட்டுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வாங்கண்ணே. நானும் வரேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.